விருப்பமும் விருப்பமின்மையும்

2019ஆம் வருஷம் பொங்கலுக்கு லீவில் வந்திருந்த என் அண்ணனிடம் ஒரு முடிவு பாக்கியிருந்தது. திரும்பிப் போனதும் யூனிட் ஆபீஸில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். உடல்நிலை குறைந்தவர்களுக்கென்று ஒதுக்கப்படும் இலகுவான வேலையில் தொடர்வதற்கு விருப்பமா, இல்லையா என்று தெரிவிக்கும் தாள் அது. விருப்பம் என்று எழுதினால் இன்னும் நான்கு வருஷம். ஹவில்தாருக்கு உரிய 24 வருஷ சர்வீஸை முடித்துக்கொண்டு எல்லோரையும் போல வெளியே வரலாம். விருப்பமில்லை என்று எழுதினால் மருத்துவ போர்டு கூடும். ராணுவத்துக்கு ஏற்ற உடல் இல்லை என்ற காரணத்தின் பேரில் அந்த வருஷமே வந்துவிடலாம். எந்தப் பக்கம் எழுதினாலும் பென்ஷன் உண்டு. அதற்கு வேண்டிய 15 வருஷம் அவருக்கு எப்போதோ முடிந்துவிட்டது.

வேலூருக்கு மேற்கே எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்கு நாலு வீடாவது மிலிட்டரி வீடாக இருக்கும். அங்கே இந்த இரண்டுக்கும் தனித்தனி வார்த்தைகள் உண்டு. முதல் வகையில் வருகிறவர் 'பென்ஷன் வந்தவர்'. இரண்டாம் வகையில் வருகிறவர் 'மெடிக்கல்ல வந்தவர்'. முதல் வார்த்தையில் ஒரு மனிதர் எதையோ சம்பாதித்துக்கொண்டு தன் காலால் நடந்து வருகிறார். இரண்டாவதில் அவரை யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன தொனி இருக்கிறது. இந்த வித்தியாசத்தை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. வார்த்தைகளின் தொனியைப் பற்றி இந்த மாதிரிப் பத்திரிகைகளில் பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருப்பவன், சொந்த வீட்டுத் திண்ணையில் அது காதில் விழுந்தபோது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் 1999இல் பட்டாளத்தில் சேர்ந்தார். படைக்குப் பொருள் ஏற்றிப் போகும் பிரிவில் டிரைவர். 2003இல் அப்பா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அண்ணன் ரயில் பிடித்து இரண்டு நாள் கழித்துத்தான் வர முடிந்தது. அதற்குப் பிறகு என் படிப்பு, பி.ஏ. இங்கிலீஷ் உட்பட, அவருடைய சம்பளத்தில் நடந்தது. நான் கண்டபடி புத்தகம் வாங்கியதும் அந்தப் பணத்தில்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. பேசுவதே குறைவு. வண்டியைப் பற்றி மட்டும் பேசுவார்.

2013இலிருந்து 2015 வரை லடாக்கில் இருந்தார். லே நகரமே பதினோராயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல். வண்டிகள் அதற்கும் மேலே கணவாய்களை ஏறிக் கடந்து போகவேண்டும். வரிசையில் ஒரு வண்டி நின்றால் பின்னால் இருப்பதெல்லாம் நிற்கும். அங்கே அவருக்குப் பின்மண்டையில் வலி இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டதற்கு, "சொன்னா வண்டியிலருந்து எறக்கிடுவான். அப்புறம் என் டர்ன் வேற எவனாவது ஓட்டணும், அவனுக்கும் தலை வலிக்குந்தானே" என்றார். சமவெளியில் இருந்த ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம் கழித்து, வழக்கமான பரிசோதனையில் ரத்த அழுத்தம் அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வண்டியை விட்டு இறக்கினார்கள்.

ராணுவத்தில் ஒரு மனிதனின் உடம்பை ஐந்தாகப் பிரித்து எண் கொடுக்கிறார்கள்: மனம், செவி, கைகால், உடலின் பொதுத் திறன், கண். எல்லாவற்றிலும் 1 வாங்கியவன் 'ஷேப் ஒண்ணு'. சிப்பாய்கள் இதைக் குலப்பெருமை போலச் சொல்லிக்கொள்வார்கள். அண்ணனுக்கு நாலாவது இடத்தில் 1 போய்விட்டது. முதலில் தாற்காலிகம் என்றார்கள், பிறகு நிரந்தரம் என்றார்கள். அதோடு பதவி உயர்வுக்கான வழியும் அடைபட்டது. உதிரிப்பாகங்கள் வைக்கும் ஸ்டோரில் லெட்ஜர் எழுதச் சொன்னார்கள். "உன்ன மாதிரி ஆயிட்டேன்டா. காலையில போய் நோட்டு, சாயந்திரம் நோட்டு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

*

நான் பாங்க் குமாஸ்தா. அப்போது எங்கள் கிளையில் பென்ஷன் கௌண்டரும் என் பொறுப்பில் இருந்தது. (ராணுவப் பென்ஷன்களைச் சில வருஷங்களாக ஒரு மத்தியக் கணினி ஏற்பாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பெயர் 'ஸ்பர்ஷ்'. தொடுதல் என்று அர்த்தம். அது வந்ததிலிருந்து கிழவர்கள் கௌண்டருக்கு வந்து கையை நீட்டிப் பேசுவது குறைந்துவிட்டது.) நவம்பர் மாதம் உயிரோடு இருப்பதாகச் சொல்ல வருகிற முன்னாள் சிப்பாய்களிடம் நான் பழகியிருக்கிறேன். அவர்களுடைய பென்ஷன் உத்தரவுகளைப் படித்துப் படித்து அந்தப் பாஷையும் எனக்குப் பழகியிருந்தது. ஆகவே அண்ணன் தாளைப் பற்றிச் சொன்னவுடன் நான் காகிதமும் பேனாவும் எடுத்தேன்.

கணக்கு இதுதான். கடைசியாக வாங்கிய ஊதியத்தை, சுலபத்துக்காக, 50,000 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பென்ஷன் அதில் பாதி, 25,000. உடல் நலிவு சேவையால் வந்தது, அல்லது சேவையால் அதிகமானது என்று ஒப்புக்கொள்ளப்பட்டால் அதற்கு மேல் இன்னொரு தொகை உண்டு. முழு ஊனத்துக்கு ஊதியத்தில் நூற்றுக்கு 30, அதாவது 15,000. ரத்த அழுத்தத்துக்கு வழக்கமாக 30 சதவீத ஊனம் என்று மதிப்பிடுவார்கள். அப்படியானால் 4,500. ஆனால் 50க்குக் கீழே இருப்பதை 50 ஆக்கிக் கணக்கிடும் சலுகை இருக்கிறது. அப்போது 7,500. இதற்கெல்லாம் மேல் பஞ்சப்படி. முப்பத்தொன்பது வயதில் வெளியே வந்தால் இன்னொரு உத்தியோகத்துக்கும் நேரம் இருக்கிறது. பொதுத்துறை பாங்குகளில் குமாஸ்தா வேலையில் நூற்றுக்கு 14.5, கடைநிலை வேலையில் 24.5 முன்னாள் ராணுவத்தினருக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். "பரீட்சை எழுது. நான் சொல்லித் தரேன். ரெண்டு பேரும் ஒரே பாங்க்ல இருக்கலாம்" என்றேன்.

அண்ணி தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "அவன் சொல்றது சரியாத்தான கீது" என்றார். அண்ணன் என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கூட்டலைச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. மடித்து என்னிடமே கொடுத்தார்.

"போர்டு தாத்தா ஞாபகம் கீதா உனக்கு?" என்றார்.

ஞாபகம் இருந்தது. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் காலையில் காக்கி ஸ்வெட்டரோடு நிற்பவர். எழுபதுகளிலேயே பாதி சர்வீஸில் போர்டு அவுட் ஆகி வந்தவர் என்பார்கள். அவருக்கு என்ன நோய் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். அவர் எந்தப் போரில் இருந்தார், எந்த மலையில் இருந்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பையன்கள் பின்னால் போய் 'போர்டு, போர்டு' என்று கூப்பிடுவோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

"அவரும் இருவது வருஷம் பண்ணாரா, ரெண்டு வருஷம் பண்ணாரா, யாருக்குத் தெரியும்? மெடிக்கல்னு வந்துட்டா அதுக்கு முன்னாடி பண்ணதெல்லாம் போச்சுடா."

நான் இதை மரியாதைப் பித்து என்று எடுத்துக்கொண்டேன். 'கௌரவம்' என்ற சொல்லை வியாபாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் எவ்வளவு மலினப்படுத்திவிட்டன என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அந்த அபிப்பிராயத்தை அண்ணன் மேல் போட்டுப் பார்த்தேன். மாதம் 7,500 ரூபாயை ஊர்க்காரர்களின் வாய்க்குப் பயந்து விடுவது முட்டாள்தனம் என்று, இந்த வார்த்தைகளில் இல்லாவிட்டாலும், சொன்னேன்.

*

இப்போது யோசித்தால் என் கணக்கில் தப்பில்லை, அவருடைய பயத்திலும் தப்பில்லை என்று தெரிகிறது. விதிகளின் சரித்திரமே அவர் பயந்ததற்கு ஆதாரம்.

1982இன் உரிமை விதிகளில் ஊனப் பென்ஷனுக்கு அடிப்படை நிபந்தனை, ஒருவன் உடல்நிலை காரணமாகச் சேவையிலிருந்து நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. சேர்ந்தபோது இருந்ததைவிடக் குறைந்த வகையில் வெளியேறுகிறவனையும் அப்படி நீக்கப்பட்டவனாகக் கருதலாம் என்று அதே விதி இடம் கொடுக்கிறது. ஆனால் 1996 ஜனவரி 1 முதல் 50க்குக் கீழே உள்ளதை 50 ஆகக் கணக்கிடும் சலுகை வந்தபோது, நடுவில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று அதை நிறுத்திக்கொண்டார்கள். அதே நோயோடு, அதே மலையில் வேலை செய்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை முடித்து வந்தவனுக்கு இல்லை. விழுந்தவனுக்கு ஒரு கணக்கு, விழாமல் நின்றவனுக்கு வேறு கணக்கு. முடிக்க முடிந்ததல்லவா, அப்படியானால் பெரிதாக ஒன்றும் கெட்டிருக்காது என்ற நினைப்பு அதற்குள்ளே இருக்கிறது. 2014 டிசம்பர் 10ஆம் தேதி ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாகுபாடு செல்லாது என்றது. ஒருவன் முடிக்கவும் செய்யலாம், அதற்குள் கெட்டுப்போகவும் செய்யலாம் என்பதை ஒப்புக்கொள்ள அத்தனை வருஷம் ஆயிற்று.

அந்த நினைப்பு அதோடு போய்விடவில்லை. அண்ணன் தாளில் கையெழுத்துப் போட்டு ஐந்து மாதத்துக்குள், 2019 ஜூனில், ஊனப் பென்ஷனுக்கான வருமான வரி விலக்கு, உடல் ஊனத்தால் நீக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே, காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்று நேர்முக வரி வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. அதை எதிர்த்து வழக்குப் போனது வேறு கதை. சுற்றறிக்கையைப் படித்தவுடன் அண்ணனுக்கு போன் செய்தேன். "பாத்தியாண்ணா, நான் அப்பவே சொன்னேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சாப்ட்டியா?" என்றார்.

ஆம், அவர் 'விருப்பம்' என்றே எழுதியிருந்தார்.

*

பி.ஏ.யில் எங்களுக்கு முதல் உலகப்போர்க் கவிஞர்கள் பாடமாக இருந்தார்கள். பரீட்சைக்குப் படித்தது, அண்ணன் விஷயத்துக்குப் பிறகு வேறு விதமாக ஞாபகம் வந்தது. 1917 ஜூலையில் சீக்ஃப்ரீட் ஸஸூன் என்ற அதிகாரி, வீரத்துக்குப் பதக்கம் வாங்கியவர், இந்தப் போர் தேவையில்லாமல் நீட்டிக்கப்படுகிறது, இனி நான் இதில் பங்கு கொள்ள மாட்டேன் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். அது பாராளுமன்றத்திலேயே வாசிக்கப்பட்டது. கோர்ட் மார்ஷல் செய்திருக்கலாம். செய்யவில்லை. நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் தலையிட்டு மருத்துவ போர்டின் முன் நிறுத்த ஏற்பாடு செய்தார். நரம்பு பாதிப்பு என்று போர்டு சொன்னது. எடின்பரோவுக்குப் பக்கத்தில் க்ரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வில்ஃப்ரட் ஓவனை அவர் சந்தித்தது அங்கேதான் என்று இலக்கிய சரித்திரக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு மனிதன் யோசித்துச் சொன்ன வார்த்தையை, மருத்துவம் என்ற ஒரே அடியில் நோயின் அறிகுறியாக மாற்றிவிட முடிந்தது. சொன்னது சரியா தப்பா என்ற கேள்வியே அதற்குப் பின் எழாது. அவர் அந்த வருஷக் கடைசியில் தகுதி பெற்றுத் திரும்பவும் போர்முனைக்குப் போனார். 1918இல் தலையில் காயம் பட்டார். 1919 மார்ச்சில் உடல்நிலை காரணமாகவே வெளியேறினார்.

அண்ணன் ஸஸூனைப் படித்தவரில்லை. அவர் அறிக்கை எதுவும் விடவுமில்லை, வண்டி ஓட்டினார். ஆனாலும் அவர் பஸ் நிறுத்தத்துத் தாத்தாவை வைத்துச் சொன்னது இதையேதான். மருத்துவ வாசல் வழியாக வந்தால், தான் செய்தது எல்லாம் தனக்கு நேர்ந்ததாக மாறிவிடும். சாதாரண வாசல் வழியாக வந்தால் செய்தது நிற்கும், நேர்ந்தது இல்லாமல் போகும். நான் முடித்தேன், அதற்கு இன்னது விலையாயிற்று என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொண்டு வருவதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை. விருப்பம், விருப்பமின்மை என்ற இரண்டு வார்த்தைகளில் ஒன்றை அடிக்க வேண்டியிருந்தது.

*

2019இல் அவர் லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் நான் ஒரு காரியம் செய்தேன். எப்படியும் மனசு மாறலாம், போர்டு கூடினால் சிப்பாயின் சொந்த வாக்குமூலம் கேட்பார்கள், அதில் நோய் எப்படி வந்தது என்று எழுத வேண்டியிருக்கும் என்று, இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எனக்குத் திருப்தியாக வந்திருந்தது. கணவாயின் குளிர், மெலிந்த காற்று, இரவில் வண்டியிலேயே தூங்குவது, சரிவில் முன் சக்கரம் வழுக்கிய ஒரு தருணம் எல்லாம் இருந்தது. பெரும்பாலும் அவர் எப்போதாவது சொன்னவைதான். இரண்டு மூன்று நான் சேர்த்தது.

அண்ணன் மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு, "அப்பா எங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் சொன்னார். 2015இல் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நிபுணர் டாக்டர் வீட்டில் யாருக்காவது ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு இருந்தது, அதில்தான் போனார் என்று இவர் சொல்லியிருக்கிறார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அப்பா கிணற்று மேட்டில் விழுந்தார். பம்புசெட் ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வந்த உள்ளூர் டாக்டர் 'கொதிப்பா இருக்கும்' என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அப்பாவுக்கு ஒரு தடவைகூட யாரும் ரத்த அழுத்தம் அளந்ததில்லை. "யாருண்ணா அளந்தாங்க? எந்த ரிக்கார்டுல கீது?" என்று கத்தினேன். அந்த ஒரு வார்த்தை போதும் போர்டுக்கு. பரம்பரை என்று எழுதிவிடுவார்கள். மலையிலிருந்து இறங்கி நாலு மாதம் கழித்துக் கண்டுபிடித்தது ஒன்று, அப்பா ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ராணுவத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்றேன். தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொன்னேன்: சேரும்போது ஒரு நோயைப் பற்றிக் குறிப்பு எழுதப்படவில்லை என்றால் அவன் முழு ஆரோக்கியத்தோடு உள்ளே வந்தான் என்றே கொள்ள வேண்டும், பிறகு வந்தது சேவையில் வந்தது, இல்லை என்று நிரூபிப்பது அவன் வேலையல்ல. "அதனால நீ ஒண்ணும் சொல்லாம இருந்தாலே போதும்."

"டாக்டர் கேட்டாரு, சொன்னேன்" என்றார் அண்ணன். "இல்லன்னு சொன்னா அப்பா எதுல செத்தாரு?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பதினாறு வருஷமாக யாரும் அதைக் கேட்டதும் இல்லை. அப்பாவின் சாவைப் பற்றி எங்களிடம் இருந்த ஒரே வாக்கியம் அந்த டாக்டர் போகிற போக்கில் சொன்னதுதான். மாதம் 7,500 ரூபாய்க்காக அந்த வாக்கியத்தை நான் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

*

இதை இந்தப் பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மருத்துவ போர்டின் வேலை மூன்று வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. இந்த நோய் சேவையால் வந்தது. அல்லது, வேறு எதனாலோ வந்து சேவையால் அதிகமானது. அல்லது, இரண்டும் இல்லை. இந்த மூன்றையும் ஒருநாள் பென்ஷன் உத்தரவு ஒன்றில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. நாம் விமர்சனத்தில் செய்வது இதுதானே. 'பாதிப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். எலியட்டின் பாதிப்பு, நெரூடாவின் பாதிப்பு என்கிறோம். அனுபவத்தால் வந்ததா, படிப்பால் அதிகமானதா, இரண்டும் இல்லையா என்று ஒருவனுடைய துக்கத்தைப் பிரித்துச் சீட்டு ஒட்டுகிறோம். ஆஸ்பத்திரியில் உபயோகிக்கும் அதே சொல் என்பது நமக்கு உறைப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறு தொகுதிக்கு நான் மதிப்புரை எழுதினேன். கவிஞர் பெயர் வேண்டாம். படிக்கிறவர்களில் சிலருக்குத் தெரியும். இவருடைய துக்கம் இவருடையதல்ல, மொழிபெயர்ப்புகள் வழியாக வந்து சேர்ந்த துக்கம் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அப்போது இரண்டு மூன்று பேர் பாராட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தக் கவிஞர் டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "துக்கத்துக்கு அத்தாட்சி எந்த ஆபீஸ்ல சார் குடுக்கிறாங்க?" என்றார். நான் அனுபவத்துக்கும் பாவனைக்கும் உள்ள வேறுபாடு பற்றி அவருக்குப் பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தொகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். அவை மகத்தான கவிதைகள் ஆகிவிடவில்லை. சில வரிகளில் இரவல் குரல் இன்னும் கேட்கிறது. ஆனால் இரவல் குரலில் ஒருவனுக்கு உண்மையாகவே வலிக்கலாம் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. அப்பாவிடமிருந்து வந்ததும் மலையில் வந்ததும் ஒரே ரத்தத்தில் ஓடுவது போல. போர்டில் உட்காருகிற மூன்று டாக்டர்களுக்காவது ஒரு படிவம் இருக்கிறது, அதில் மூன்று கட்டம்தான் இருக்கிறது. என் கையில் அப்படி யாரும் படிவம் கொடுக்கவில்லை.

*

அண்ணன் 2023 ஜனவரியில் பென்ஷன் வந்தார். கறுப்புத் தகரப் பெட்டியில் பெயரும் நம்பரும் வெள்ளை பெயிண்டில் புதிதாக எழுதியிருந்தது. பெண்டுகள் ஆரத்தி எடுத்தார்கள். போஸ்டர் ஒட்ட நினைத்த நண்பர்களை அவர் தடுத்துவிட்டார். 24 வருஷம். ஊரில் எல்லோரும் அந்த எண்ணைச் சொன்னார்கள். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்ததை நான் என் காகிதத்தில் எந்த இடத்தில் கூட்டியிருக்க முடியும் என்று தெரியவில்லை.

காலம் முடித்து வருகிறவர்களுக்கும் கடைசியில் ஒரு மருத்துவ போர்டு உண்டு. அதன் முடிவு பிறகு தபாலில் வந்தது. ஊனம் 30 சதவீதம், ஆயுள் முழுவதற்கும். சேவையால் வந்ததல்ல, சேவையால் அதிகமானதும் அல்ல. சமவெளி ஊரில் இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டது. குடும்பத்தில் உள்ளது. ஆகவே அந்த இரண்டாவது தொகை இல்லை. அந்த வருஷம் செப்டம்பரில் உரிமை விதிகளையே புதிதாக எழுதிவிட்டார்கள். அண்ணனுடையது பழைய விதிகளின் கீழ் வருவது.

அந்தக் கட்டில் வாக்குமூலத்தின் நகலும் இருந்தது. நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் அல்ல. அண்ணனுடைய கொட்டை எழுத்து இங்கிலீஷில் நாலு வரி. லடாக்கில் 2013 முதல் 2015 வரை வண்டி ஓட்டினேன். அங்கே தலைவலி இருந்தது, நான் ரிப்போர்ட் செய்யவில்லை. கீழே வந்தபின் அளந்தார்கள். என் தகப்பனாருக்கும் இருந்தது என்று நினைக்கிறேன்.

அதைப் பலமுறை படித்தேன். ஒரு விமர்சகனாக அதில் எடுக்கவோ சேர்க்கவோ எதுவும் இல்லை. ஒரு பாங்க் குமாஸ்தாவாக, ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது என்று தெரிந்தது. இரண்டும் ஒரே தாளைப் பற்றிய உண்மைகள். சொல்ல முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை அவர் சொல்லியிருந்தார். முடித்ததும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது, வீட்டிலிருந்து கொண்டுபோனதும் இருக்கிறது. படித்தவர்கள் மூன்று கட்டங்களில் ஒன்றில் குறி போட்டார்கள்.

2007ஆம் வருஷத்துச் சட்டப்படி ராணுவத்தினர் வழக்குகளுக்கென்று ஏற்பட்ட தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஒரு பெஞ்ச் இருக்கிறது. அங்கே போகலாம், ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தெரிந்த முன்னாள் சுபேதார் ஒருவர் சொன்னார். தரம்வீர் சிங் தீர்ப்பு இருக்கவே இருக்கிறது. தகப்பனாருக்கு இருந்தது என்று மகன் நினைப்பது மருத்துவ ஆதாரம் ஆகாது என்று வக்கீல் ஒரே நிமிஷத்தில் தள்ளிவிடுவார். அண்ணன் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டுகிறார். முன்னமே தெரிந்திருந்தால் நான் அனுமதித்திருக்க மாட்டேன். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன், மாதா மாதம் அளக்கிறேன் என்று அண்ணியிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாராம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் தெருமுனையில் திரும்பும்போது ஹாரன் அடிப்பதில்லை. நிறுத்தி, பார்த்து, திருப்புகிறார்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேஸ் பற்றிப் பேசினேன். இந்த முறை கணக்கெழுதிய காகிதம் கொண்டுபோகவில்லை. ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போடலாம். பணம் வந்தா பொண்ணு படிப்புக்கு ஆவும்" என்றார். பிறகு, "மனு நீயே எழுது. உனக்குத்தான் வரும்" என்றார்.

சரி என்றேன்.

"ஆனா அப்பாவ எடுத்துடாத."

வக்கீல் எடுத்துவிடுவார் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் வேனைத் துடைக்கப் போய்விட்டார். மூன்று வாரமாக மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை எழுதியிருப்பது நாலு வரி. அவையும் அவருடையவை.